ஈரத் தரையும் ஓடாத கம்ப்யூட்டரும்

இன்று காலை ஒரு தறி வீட்டுக்குக் கம்ப்யூட்டர் பார்க்கப் போயிருந்தேன். வாசலிலேயே நனைந்த தரையும் பட்டு நூலும் கலந்த வாசனை வந்தது. பையைத் திறக்காமல் நின்றுவிட்டேன். உன் ஞாபகம்தான்.

இன்ஸ்டிட்யூட்டில் நமக்கு ஒரே பெஞ்ச். மதர்போர்டில் எது எங்கே என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நீ கண்ணைத் திறந்துகொண்டே தப்பாகச் சொல்வாய். ஆனால் கேள்வி கேட்பதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. ஃபேன் ஏன் இந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒரு நாள் முழுக்க என் உயிரை வாங்கினாய்.

இருவரும் ஒரே கடையில் சேர்ந்தோம். முதலாளி உன்னை மட்டும் பில் போட உட்கார வைத்தார். "பொண்ணு வீடு வீடா பையத் தூக்கிக்கினு போவுமா?" என்பார். நீ விடாமல் கேட்டதில், புடவை டிசைன் போடும் ஒரு நெசவாளர் வீட்டுக்கு என்னோடு அனுப்பினார். அந்தக் கம்ப்யூட்டர், வீட்டில் காலையில் ஓடாது; கடைக்கு எடுத்து வந்தால் சமர்த்தாக ஓடும். "இந்த வாட்டியும் திரும்பி வந்துச்சுன்னா நீ கவுண்டரோட சரி" என்று சொல்லியே அனுப்பினார்.

போன வேகத்தில் நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். "இருபா, அவசரத்துக்குப் பொறந்தவனே" என்று தடுத்துவிட்டு, அந்த வீட்டு அக்காவிடம் கேட்டாய்: "காலையில எழுந்ததும் இங்க என்னென்ன வேலக்கா நடக்குது?"

"தறிக்குழியைச் சுத்தித் தண்ணி தெளிப்பேன்மா. வெயில் நாள்ல நூல் காஞ்சி அறுந்துக்கினே இருக்குது."

கம்ப்யூட்டர் கேபினெட், நெசவாளர் காலை இறக்கித் தறி மிதிக்கும் அந்தக் குழியை ஒட்டித் தரையில் இருந்தது. உள்ளே அப்பியிருந்த பட்டுத் தூசி ஈரத்தைக் குடித்துவிட்டு, மதியம் காயும்வரை போர்டை எழவிடவில்லை. சுத்தம் செய்து ஒரு ஸ்டூலின் மேல் ஏற்றிவைத்தோம். மறுநாள் காலை அக்கா போன் செய்து ஓடுகிறது என்றார். முதலாளி அடுத்த வீட்டு விலாசத்தை உன் கையில் கொடுத்தார். எனக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை.

டெக்னீஷியன் ஆக என்ன வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். இன்ஸ்டிட்யூட்டில் படித்தது அத்தனையும் வேண்டும்தான். அதோடு, அடுத்தவர் வீட்டில் பொழுது எப்படி விடிகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் வேண்டும் போலிருக்கிறது. உனக்கு அது எங்கிருந்து வந்தது? கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. கடைக்கு இன்னும் போன் வருகிறது. "அந்தப் பொண்ணையே அனுப்புபா, அதுக்குத்தான் எங்க வூட்டு மெஷின் தெரியும்" என்கிறார்கள். "இன்னிக்கு நான் வரேன்மா" என்கிறேன். நீ இல்லை என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.