வாத்து, மேல ஏறி வா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் தம்பியும் நன்றாக இருக்கிறோம், அணையும் நன்றாக இருக்கிறது, நீ போன பிறகு இப்போதுதான் கழுத்து வரை தண்ணீர் நிற்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி, முகம் வாடாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ நடுவிலேயே கத்துவாய், நான் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். கடிதத்தில் நீ கத்தினாலும் எனக்குக் கேட்காது. ஆமாம், நீ கத்துகிற மாதிரி ஒரு காரியம் செய்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் சிரித்துவிட்டுக் கோபப்படு.

அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. ஏரி வற்றிக் கிடந்தபோது சேற்றில் சாய்ந்திருந்த மிதிபடகெல்லாம் இப்போது மிதக்கின்றன, எல்லாவற்றுக்கும் மஞ்சள் பெயிண்ட் அடித்தார், அதில் பாதி அவர் காதில் இருக்கிறது. மிதவைச் சட்டையின் பட்டை வயிற்றைத் தாண்டி வரமாட்டேன் என்கிறது. இரவு ஒரு கரண்டி குறைத்துச் சாப்பிடுங்கள் என்றால், "தண்ணியில நனைஞ்சு நனைஞ்சு சட்டைதான் சுருங்கிப் போச்சு" என்கிறார். போன வாரம் ஒரு கணவனும் மனைவியும் மிதிபடகில் போனார்கள், அவர் முன்பக்கமாக மிதிக்க அந்த அம்மா பின்பக்கமாக மிதிக்க, ஏரி நடுவில் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்களாம். அப்பா மோட்டார் படகில் கயிற்றோடு போனால் அந்த அம்மா, "அண்ணே, இவரை இங்கயே விட்டுட்டு என்னை மட்டும் இழுத்துட்டுப் போங்க" என்று சொன்னாளாம். அதை அப்பா மூன்று நாள் சொல்லிச் சிரித்தார். தம்பி வளர்ந்துகொண்டே போகிறான், கால்சட்டை கணுக்காலுக்கு மேலே நிற்கிறது, பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை நீச்சல் துறைக்குப் போகிறான், புத்தகம் மட்டும் நனைந்து திரும்பி வருகிறது. சமையலறைக் கூரை ஒழுகுவதை ஒருவழியாக அடைத்துவிட்டார்கள், இப்போது அடுத்த அறையில் ஒழுகுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை நீ வந்தபோது பஸ் நிறுத்தத்தில் உன்னோடு வேலை பார்க்கிற பெண் பக்கத்தில் நிற்க, நான் உன்னை வீட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். நீ முகம் சிவந்து, "அம்மா, நான் இப்ப ஆபீசர்ம்மா, வெளியில அப்படிக் கூப்பிடாதே" என்றாய். சத்தியமாகக் கூப்பிட மாட்டேன் என்றேன். அந்தச் சத்தியத்தை உடைத்துவிட்டேன். எங்கே என்று கேட்காதே, சொல்கிறேன்.

விடுமுறை நாள். மேலே மலையில் நல்ல மழை, நீர்வரத்து கூடிக்கொண்டே இருக்கிறது, மதகைத் திறந்தாக வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. அணைக்குக் கீழே ஆற்றுப் பாறைகளில் வழக்கம்போலக் கூட்டம், படம் பிடிக்கிறவர்களும் குளிக்கிறவர்களும். சங்கு ஊதினார்கள். வாராவாரம் சோதனைக்கு ஊதி ஊதி அந்தச் சங்கை இப்போது யார் மதிக்கிறார்கள்? அதற்கப்புறம் பதிவு செய்து வைத்த அறிவிப்பு ஒலிபெருக்கியில் வரும், ஒரு ஆம்பளைக் குரல், உனக்குத் தெரியுமே. அன்றைக்குப் பார்த்து அந்தக் கருவி எண்ணெயில் எதையோ பொரிக்கிற மாதிரி சத்தம் போட்டுவிட்டு நின்றுபோனது. காவலர் விசிலோடு படியிறங்கிப் போனார், மேலிருந்து பார்த்தால் தீக்குச்சி அளவுக்குத் தெரிகிறார், அவர் கையை ஆட்டினால் கீழே இருக்கிறவர்கள் சந்தோஷமாகத் திருப்பி ஆட்டுகிறார்கள். அவர்கள் ஏறாமல் மதகைத் திறக்க முடியாது, திறக்காமல் வெகுநேரம் இருக்கவும் முடியாது. புதிதாக வந்திருக்கிற இன்ஜினியர் அம்மா, உன் வயதுதான் இருக்கும், ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே அணை அலுவலகத்தில் கோப்பு எடுத்துப் போன என் கையில் அறிவிப்புத் தாளைத் திணித்து, "அக்கா, நீங்க வாசிங்க, சீக்கிரம்" என்றாள்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா? நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் கல்லூரியில் பேர் கூப்பிட்டால் வாயைத் திறக்காமல் கையை மட்டும் தூக்கி, வந்த நாளுக்கெல்லாம் வராதவள் என்று பேர் வாங்கியவள் நான். மைக்கைப் பிடித்துக்கொண்டு பொதுமக்களின் கனிவான கவனத்துக்கு என்று ஆரம்பித்தேன். இன்ஜினியர் போனைப் பொத்திக்கொண்டு, "அக்கா, பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்கலையே, ஆத்துல இருக்கிறவங்களுக்கு எப்படிக் கேக்கும்" என்றாள். மறுபடி வாசித்தேன். கீழே ஒருவரும் திரும்பவில்லை. அப்போதுதான் சன்னல் வழியாக அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். ஏழெட்டு வயசுப் பெண், இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறது, அதன் அம்மா கரையிலிருந்து கூப்பிடக் கூப்பிட, கேட்காத மாதிரி முதுகைத் திருப்பிக்கொள்கிறது. நீச்சல் துறையில் உதடு நீலம் பாரித்தாலும் ஏறாமல் நீ எனக்கு முதுகைக் காட்டுவாயே, அச்சு அசல் அதே முதுகு. என் கையிலிருந்த தாள் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஏய் வாத்து! ஆடினது போதும், மேல ஏறி வா! இப்ப வரலைன்னா நானே இறங்கி வருவேன், சொல்லிட்டேன்!" என்று கத்தினேன்.

மலை திருப்பிச் சொன்னது, சொல்லிட்டேன், சொல்லிட்டேன் என்று. கீழே எல்லோரும் எழுந்தார்கள். அத்தனை பேரில் ஒருவருக்கும் அந்தப் பேர் கிடையாது, ஆனால் ஆளாளுக்குத் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்கிற முகத்தோடு செருப்பைத் தேடினார்கள். பெரிய மீசை வைத்த ஒருத்தர்தான் முதலில் ஓடினார். எனக்கு வாய் திறந்துகொண்டது. "பெரியவங்களுக்கும்தான் சொல்றேன்! அந்தச் சிவப்புச் சட்டை, படம் பிடிச்சது போதும், நடங்க! சாப்பாடு ஆறுது!" என்று என்னென்னவோ சொன்னேன். காவலர் எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டுக் கை காட்டினார், மதகு திறந்தது. அந்தப் பிள்ளை நின்ற இடத்தில் வெள்ளையாகத் தண்ணீர் புரண்டு போனதைப் பார்த்த பிறகுதான் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு குடும்பம் அலுவலக வாசலில் வந்து, "சாப்பாடு எங்கம்மா போடறாங்க?" என்று கேட்டது, அது வேறு கதை.

இதில் நான் எதிர்பார்க்காதது ஒன்று. ஒலிபெருக்கி ஏரிப் பக்கமும் இருக்கிறதல்லவா, அப்பாவுக்கும் கேட்டிருக்கிறது. படகுக் கயிற்றைத் தம்பி கையில் போட்டுவிட்டு, பட்டை போடாத மிதவைச் சட்டையோடு அந்த மனிதர் அணை மேல் ஓடி வருகிறார். மூச்சு வாங்க வாசலில் நின்று, "பாப்பா எப்ப வந்தா? எங்க இருக்கா?" என்றார். அவ வரலைங்க, சும்மா கூப்பிட்டேன் என்றேன். "சும்மா கூப்பிட்டியா" என்று சொல்லிவிட்டுக் காதிலிருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே திரும்பிப் போனார். அன்று முழுக்க யாரையும் அவர் கேலி செய்யவில்லை. மறுநாள் சரியாகிவிட்டார், கவலைப்படாதே.

இப்போது பிரச்சினை என்னவென்றால், அந்த அறிவிப்பை என் குரலில் நிரந்தரமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று இன்ஜினியர் ஒற்றைக் காலில் நிற்கிறாள். வாத்து யாரு அக்கா என்று கேட்டதற்கு, எங்க வீட்டுல ஒண்ணு இருந்துச்சு மேடம் என்று மட்டும் சொன்னேன், வளர்த்த வாத்து என்று நினைத்துக்கொண்டாள், அப்படியே இருக்கட்டும். பேரை எடுத்துவிட்டுச் சொல்கிறேன் என்று கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு எத்தனையோ தடவை முயன்றேன். பேரை எடுத்தால் பழைய கல்லூரிக் குரல் வந்துவிடுகிறது. அவள் சிரித்து, "விடுங்கக்கா, வாத்து இல்லேன்னா நீங்களும் வரமாட்டேங்கறீங்க" என்றாள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். பழைய கருவியைச் சரி செய்துவிட்டார்கள், நேற்றுக்கூட அந்த ஆம்பளைக் குரல்தான் வந்தது, காவலர் இறங்கிப் போய்க் கெஞ்சித்தான் ஏற்றினார். இதை உன் மேல் பாரம் ஏற்றுவதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான். நீ வேண்டாம் என்றால் வேண்டாம், ஒரு வார்த்தை கேட்கமாட்டேன், இந்தத் தடவை சத்தியத்தைக் காப்பாற்றுவேன்.

நீ வேண்டியதெல்லாம் கைகூடி, மேலதிகாரிகள் மெச்ச, நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். தலையைத் துவட்டாமல் வேலைக்குக் கிளம்பாதே. பதிலைச் சீக்கிரம் எழுது. ஒருவேளை சரி என்று எழுதினால், அடுத்த முறை உன் பஸ் அணைச் சாலையில் வரும்போது மதகு திறக்கிற நேரமாக இருக்கலாம். கூட யாராவது இருந்தால் அந்த வாத்து யாரென்றே தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திரு, நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். யாரும் இல்லையென்றால், முதுகைக் காட்டாமல் ஒரு தடவை திரும்பிப் பார்.

இப்படிக்கு,
மைக் இல்லாமலும் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிற
அம்மா