நேர்ந்துவிட்ட தலை

மேபா. சண்முகராஜ் சலூன்,
கோவில்பட்டி.
20.01.2005

அன்புள்ள (வழக்கத்துக்காகத்தான் எழுதியிருக்கிறேன், நம்பிவிடாதே) வேணி அக்காவுக்கு,

நீ பொங்கலுக்கு அனுப்பிய சட்டை வந்து சேர்ந்தது. சட்டை சுமார். அதைச் சுற்றியிருந்த தாள்தான் பிரமாதம்.

உங்கள் கம்பெனியில் கொரியாக்காரர்கள் வாசித்துவிட்டுப் போட்ட பத்திரிகை என்று நினைக்கிறேன். எழுத்தெல்லாம் வட்டமும் கோடுமாக, யாரோ ஜியோமெட்ரி பெட்டியைக் கொட்டியது மாதிரி இருந்தது. ஒரு பக்கத்தில் என் வயசுப் பையன் ஒருத்தன். நெற்றி முழுக்க முடி, ஒரு கண்ணுக்கு மட்டும் வழிவிட்டு இறங்கியிருந்தது. அவ்வளவுதான், அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

மறுநாள் தாளைச் சண்முகராஜ் அண்ணாச்சியிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏலே கிட்டு, இது வெட்டுன முடியா, வெட்ட மறந்த முடியா?" என்றார். வெட்டினார். ஆனால் நம் ஊர் உப்புத் தண்ணீரில் குளித்த முடி கீழே இறங்கவா செய்யும்? முள்ளம்பன்றிதான். கடைசியில் என் தலையைப் பெஞ்சில் சாய்த்து, ஈரத் துண்டைப் போட்டு, பக்கத்துக் கடை இஸ்திரிப் பெட்டியை வாங்கி வந்து தேய்த்தார். காது ஒன்று லேசாகப் பழுத்தது. முடி படிந்தது.

பள்ளிக்கூடத்தில் பி.டி. சார், "என்னல, நெத்தியில தாவாரம் எறக்கிருக்க? மழை வருதோ?" என்றார். "கோவில்பட்டியில எங்க சார் மழை வருது, தாவாரம் எறக்கியாவது வரவழைப்போம்னுதான்" என்றேன். மைதானத்தை எத்தனை சுற்று ஓடினேன் என்று கேட்காதே. ஓடும்போது முடி பறந்தது. அது போதும் எனக்கு.

அய்யா திட்டவில்லை. ஆட்டுக்கிடை போட்டிருந்த புஞ்சையிலிருந்து வந்தவர் என்னைப் பார்த்தார், நம் பெரிய கிடாவைப் பார்த்தார். "ரெண்டுக்கும் ஒரே நெத்தி. மாத்திக் கட்டிறாதிய" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். நீ விட்டுப்போன பட்டாம்பூச்சி கிளிப்பைக் கிடாவின் நெற்றியில் மாட்டிவிட்டேன். அதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

இவ்வளவையும் தாங்கினேன். தாங்க முடியாதது அம்மா சொன்னது. "வளரட்டும் வளரட்டும். பங்குனி உத்திரத்துல நம்ம கொலசாமி சாத்தாவுக்கு நெறைய கெடைக்கும்லா. உங்க அக்கா வேல கெடைக்கணும்னு உனக்கு மொட்டை நேந்திருக்கா."

அக்கா! வேலை உனக்கு. சம்பளம் உனக்கு. மொட்டை எனக்கா? என் தலையை நேர்ந்துவிட நீ யார்? கிடாவை நேர்ந்துவிட்டால்கூடத் தண்ணீர் தெளித்து, அது தலையை ஆட்டுகிறதா என்று பார்த்துத்தான் வெட்டுவார்கள். என் தலையில் யார் தண்ணீர் தெளித்தீர்கள்?

பதிலைச் சலூனுக்கே போடு. வீட்டுக்குப் போட்டால் அய்யா என்னையே சத்தமாக வாசிக்கச் சொல்வார்.

தலையை ஆட்டாத கிடா,
கிட்டு


பெண்கள் விடுதி,
ஸ்ரீபெரும்புதூர்.
29.01.2005

அருமைத் தம்பி, ஒண்ணரைக் கண் துரைக்கு,

உன் கடிதத்தைக் கேண்டீனில் வாசித்துச் சிரித்து, சாம்பார் மூக்கில் ஏறிவிட்டது. காதுக்கு மருந்து போட்டாயா?

நேர்ந்தது உண்மைதான். இன்டர்வியூ அன்றைக்கு மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். எனக்கு வாயில் நாக்கே இல்லை. 'சாத்தா, இந்த வேலைய வாங்கிக் குடு, என் தம்பிக்கு மொட்ட போடுதேன்' என்று மனசுக்குள் சொன்னேன். ஏன் உன் முடி என்றால், பொம்பளைப் பிள்ளை தன் முடியை நேர்ந்துவிட்டேன் என்று வந்து நின்றால் அம்மா என்னையே நேர்ந்துவிட்டிருப்பாள். வேலை கிடைத்த சந்தோஷத்தில் அம்மாவிடம் உளறியதுதான் தப்பு. சாமியாவது மறந்திருக்கும்.

முடிதானே, முளைத்துவிடும். ஆம்பிளைப் பிள்ளை இதற்கா அழுவது?

இங்கே சுகம். கார் இருக்கைக்கு உறை தைக்கும் லைனிலிருந்து என்னைச் சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். தையல் கோணினால் நான் சிவப்புச் சீட்டு ஒட்டுவேன். மேலாளர் வந்தாலும் நான் ஒட்டியதுதான். அதிலொரு சுகம் இருக்கிறது கிட்டு.

ஒரு சின்ன உதவி. பஜாரில் நல்ல சவுரி ஒன்று வாங்கி அனுப்பு. இடுப்புக்குக் கீழே வரவேண்டும். எனக்கில்லை, அறைத் தோழி பிரேமாவுக்கு. நிறம் பார்த்து வாங்க அவள் முடியில் ஒரு கற்றை வைத்திருக்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே.

அன்புடன்,
வேணி


கோவில்பட்டி.
07.02.2005

மதிப்பும் மரியாதையும் கொஞ்சம் குறைந்துவிட்ட அக்காவுக்கு,

பிரேமாவின் முடி வந்து சேர்ந்தது. பிரேமா நலமா? அவள் ஊர்க் கிணற்றிலும் நம் கிணற்று உப்புத்தானா? நுனி அப்படியே உன் செம்பட்டை. அது போகட்டும். நம் அம்மா மருதாணி போட்டுக் காய்ச்சும் எண்ணெயைப் பிரேமாவுக்கும் பாட்டிலில் அனுப்புகிறாளா? கவரைப் பிரித்ததும் சலூனே மணத்தது. சண்முகராஜ் அண்ணாச்சி மூக்கை உறிஞ்சிவிட்டு, "உங்க வீட்டு வாசனைல்லா அடிக்கி" என்றார்.

மாதிரிக்கே ஒரு முழத்துக்கு மேல் அனுப்புகிறவள் மீதியை வைத்திருக்க மாட்டாள். வெட்டிவிட்டாய். அந்தப் பத்திரிகையை நீயும் பார்த்திருக்கிறாய். எவ்வளவு? தோள் வரையா, காது வரையா? எனக்கு மட்டும் மொட்டை, உனக்கு மட்டும் கொரியாவா?

நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். ஆனால் நிலவரம் மோசம். கயத்தாற்று அத்தை வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். உத்திரத்தன்று நாம் கோவிலில் பொங்கல் வைக்கும்போது அவர்கள் விருந்துக்கு வருகிற மாதிரி வந்து உன்னைப் பார்ப்பார்களாம். மாப்பிள்ளை ஹரிகிருஷ்ணன், லாரி வைத்திருக்கிறாரே, அவர்தான். அத்தை அம்மாவிடம் சொன்னதை நான் காதால் கேட்டேன்: "வேல வேண்டாம் மைனி. எம் மவனுக்கு வீட்டுல விளக்கேத்த ஆளு வந்தாப் போதும். அவ பின்னல் முழங்கால் வரைக்கும் தொங்குமே, அந்த அழகுக்குத்தான் கேக்கேன்."

முழங்கால் பின்னலைப் பார்க்க வருகிறவர்களுக்கு நீ எதைக் காட்டுவாய், முழங்காலையா?

என்னிடம் திட்டம் இருக்கிறது. நீ விடியுமுன் கோவிலுக்கு வந்துவிடு. நேராக நாவிதரிடம் உட்கார். மொட்டை. அத்தை கேட்டால், "வேலை கெடைச்சதுக்கு நானே நேந்துகிட்டேன்" என்று சொல். சாமி காரியத்தில் யார் வாய் திறப்பார்கள்? வெட்டிய முடியைப் பற்றிக் கேள்வியே வராது. என் முடியும் தப்பும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்பார்கள். நான் போட்டேன் பார்த்தாயா?

சவுரி விலை விசாரித்துவிட்டேன். வாங்கவா, வேண்டாமா?

உன் தலைக்கு ஒரே காவலன்,
கிட்டு


ஸ்ரீபெரும்புதூர்.
16.02.2005

ஏலே கிட்டு,

வாங்காதே.

ஆமாம், வெட்டிவிட்டேன். காதுக்குக் கீழே, தாடை வரை. முன்னால் புருவத்தைத் தொடுகிற மாதிரி நேர்வெட்டு. அந்தப் பத்திரிகையில் உன் பையனுக்கு இரண்டு பக்கம் தள்ளி ஒரு பெண் நிற்பாள், பார்த்திருக்க மாட்டாய். கொரியாவிலிருந்து பயிற்சி கொடுக்க வந்த இன்ஜினியர் பெண்ணும் அதே மாதிரிதான் வெட்டியிருந்தாள். லைனில் எல்லாரும் குனிந்து தைப்போம், அவளும் குனிவாள். நிமிரும்போது நாங்கள் பின்னலைத் தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டு நிமிர்வோம். அவள் சும்மா நிமிர்வாள். அதை மாதக் கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கேயும் கேலி உண்டு. "கருப்புக் கொரியாக்காரி" என்கிறார்கள். "பேரு நல்லாருக்கு, அப்படியே கூப்பிடுங்க" என்றேன். இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. மேலாளரின் மனைவி ஒரு கிரீம் கொடுத்தார், முகம் வெளுக்குமாம். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொரியாக்காரர்கள் முடிவெட்டு எனக்குப் பிடித்தது, எடுத்துக்கொண்டேன். என் நிறத்தில் கோளாறு என்று யார் சொன்னது? நம் கரிசலை வெள்ளையடித்தால் பருத்தி விளையுமா?

வெட்டிய அன்று கழுத்தில் காற்றுப் பட்டது கிட்டு. எனக்கு இருபத்திரண்டு வயசு. என் கழுத்தில் காற்றே பட்டதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு பயம் வந்துவிட்டது. அதனால்தான் சவுரி. பிரேமா கதை.

உன் திட்டம் நல்ல திட்டம். நான் மாட்டேன். எனக்குப் பிடித்ததைச் செய்துவிட்டு, சாமி பிடித்துக்கொண்டது என்று சொல்லவா? அப்புறம் முடி வளரும். முழங்கால் வரை வளரட்டும் என்று காத்திருப்பார்கள். நானும் லாரிக்காரர் வீட்டு விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டு காத்திருப்பேன்.

இன்னொன்று. உன் முதல் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். உன்னைக் கேட்காமல் உன் தலையை நான் நேர்ந்தேன். என்னைக் கேட்காமல் என் தலையை அம்மாவும் அத்தையும் நேர்ந்திருக்கிறார்கள். நீ கத்தினாய். நான் சவுரி கேட்டேன். யார் தேவலை, நீயே பார்.

உன் மொட்டையை ரத்து செய்கிறேன். சாத்தாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். உத்திரத்துக்கு இந்தத் தலையோடுதான் வருவேன். முக்காடும் கிடையாது.

வேணி


கோவில்பட்டி.
14.03.2005

வீராதி வீர அக்காவுக்கு,

வா.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. உனக்கு வைக்க மல்லிகைப்பூவுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள், மூன்று முழம். அதை எங்கே சொருகுவாய் என்று எனக்கே தெரியவில்லை. இருந்தாலும் வா. நானும் முடியை ஒதுக்காமல் பக்கத்தில் நிற்பேன். அடி விழுந்தால் ஆளுக்குப் பாதி. முன்பாதி உனக்கு.

பயத்தில் கொஞ்சமாக எழுதும்,
கிட்டு


கோவில்பட்டி.
02.04.2005

என் அக்கா கிருஷ்ணவேணிக்கு,

எட்டு நாளாகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ எழுத வேண்டாம். நான் எழுதுகிறேன், நீ வாசி.

ஊரே இப்போது உன்னைப் பற்றித்தான் பேசுகிறது. ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நீ பொங்கல் அடுப்புகளுக்கு நடுவே சுடிதாரோடு நடந்து வந்தாய். அம்மா கையிலிருந்த பூவைக் கீழே போட்டாள். கயத்தாற்று அத்தை மூக்கில் விரலை வைத்து, "ஏட்டி, இது என்ன கோலம்? நீ பொண்ணா, பையனா?" என்றாள். நீ, "வேலைக்குப் போற பொண்ணு அத்தை" என்றாய். "முடி எங்கட்டி?" "வெட்டிட்டேன்." "யாரக் கேட்டு வெட்டுன?" "கண்ணாடியக் கேட்டு." அக்கா, அந்த வரியை நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

அப்புறம் அம்மா அழுதாள். அய்யா உன் முகத்தையே பார்க்காமல், "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா போகச் சொல்லு" என்று என்னிடம் சொன்னார். நீ ஒரு வாய் பொங்கல்கூடத் தின்னாமல் ஏறிப் போனாய். பஸ் ஜன்னலில் நீ திரும்பிப் பார்ப்பாய் என்று நின்றேன். நீ பார்க்கவில்லை.

நீ பார்க்காதது இனிமேல்தான்.

அத்தை வீட்டார் இலை போடுமுன்பே கிளம்பிவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் என்னை வேப்பமரத்துப் பக்கம் இழுத்துப்போய், "மாப்ள, உன் கட்டிங் எங்க வெட்டுன?" என்று ரகசியமாகக் கேட்டார். சண்முகராஜ் அண்ணாச்சிக்கு ஒரு வாடிக்கை கூடிவிட்டது.

அதற்குள் அம்மா என் கையைப் பிடித்து நாவிதர் முன்னால் இழுத்தாள். "அவதான் குடியக் கெடுத்துட்டா. நேந்ததையாவது குடுப்போம். உக்காருல." நான் உட்காரவில்லை. "நேந்தவளே ரத்து பண்ணிட்டா. நான் மாட்டேன்" என்றேன். சனம் முழுக்கப் பார்க்கிறது. என் கால் ஆடியது, தலை ஆடவில்லை.

அய்யா எழுந்து வந்தார். அடி விழப்போகிறது, இன்றைக்கு முன்பாதியும் எனக்குத்தான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்து பார்த்தால், அய்யா தலைத்துண்டை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு நாவிதர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"நீங்க எதுக்குங்கேன்?" என்றாள் அம்மா.

"இந்த வீட்டுல சாமிக்குப் பயந்தவன் ஒருத்தனாவது வேணும்லா. போடுப்பா" என்றார்.

நரைத்த முடி மடியில் விழுந்தது. மொட்டைத் தலையோடு எழுந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வேல அவளுக்குச் சாமி குடுத்ததுதானல. குடுத்தத நாம எதுக்குப் பிடுங்கணும்" என்று சொல்லிவிட்டுக் கிடாவைப் பிடிக்கப் போய்விட்டார்.

அம்மா இன்னும் உன் மேல் கோபமாகத்தான் இருக்கிறாள். உன் பேரைச் சொல்வதில்லை, "அந்தக் கொரியாக்காரி" என்கிறாள். ஆனால் நேற்று மருதாணி எண்ணெய் காய்ச்சினாள். பாட்டில் வழக்கமானதில் பாதி அளவு. "இப்போ இது போதும்லா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். ஆடு விளாத்திகுளம் பக்கம் கிடைக்குப் போயிருக்கிறது. அங்கே நிழல் கிடையாது, வெயில் மண்டையைப் பிளக்கிறது. மொட்டைத் தலையில் துண்டு நிற்க மாட்டேன் என்கிறது, நழுவி நழுவி விழுகிறது. நேற்றுக் கஞ்சி கொண்டுபோனேன். அய்யா குடித்துவிட்டு, ஆட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"ஏலே, அவ கம்பெனியில தொப்பி குடுப்பாவளாமே. கொரியாக்காரன் தொப்பி. அது வெயிலுக்கு ஆகுமா?"

"எழுதிக் கேக்கட்டா அய்யா?"

"நான் எங்கல கேக்கச் சொன்னேன்?" என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "என் தலை பெருசு. அதயும் எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.

நெற்றியில் முடியோடு,
கிட்டு