பதினோரு கடிதங்களும் ஒரு மாடிப்படியும்

மார்ச் 4

பதினோராவது கடிதம் இன்று போனது. அதே கம்பெனி, அதே முகவரி, அதே எட்டுக் கோடி அபராதம். "பதினைந்து நாள்களுக்குள் செலுத்தத் தவறினால் தக்க நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற வரியை இந்த முறை தடித்த எழுத்தில் போட்டேன். நடுங்கிப்போவார்கள்.

புதிதாகச் சேர்ந்த தட்டச்சுப் பெண் கேட்டாள்: "தக்க நடவடிக்கைன்னா என்ன மேடம்?"

"அடுத்த கடிதம்" என்றேன்.

சிரித்தாள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தில் வசூல் பிரிவு அதிகாரி என்றால் வெளியில் ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது. அனுமதியில்லாமல், பதிவுசெய்த குரலை லட்சக்கணக்கான பேர் காதில் ஊற்றுகிறவர்களுக்கு அபராதம் விதிக்க எங்களுக்கு அதிகாரம் உண்டு. அதை வாங்கத்தான் இல்லை. வாங்க வேண்டுமானால் நீதிமன்றம் போக வேண்டும். போக வேண்டியது சட்டத் துறை. சட்டத் துறைக்கு வேறு வேலை இருக்கிறது. பத்து வருடத்தில் நாங்கள் விதித்தது இருநூறு கோடிக்கு மேல். வசூலானது ஆறாயிரத்துச் சொச்சம். அதுவும் யாரோ மின்கட்டணம் என்று நினைத்துத் தவறுதலாகக் கட்டியது. திருப்பித் தரச் சொல்லி மனு போட்டிருக்கிறார்.

மார்ச் 12

கடிதம் சேர்ந்துவிட்டதாக ரசீது வந்தது. கோப்பில் சேர்த்தேன். நாடு காப்பாற்றப்பட்டது.

ஏப்ரல் 3

காலையில் அண்ணி கூப்பிட்டாள். "உங்க அண்ணன் ரெண்டு நாளா சரியா சாப்பிடல. என்னன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கிறார். நீ வந்து கேளு."

லீவு போட்டுவிட்டுப் போனேன். அண்ணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி, யார் மேலும் உரசாமல் ஓய்வுபெற்றவன்.

"ஓய்வூதியக் கணக்கு இன்னிக்கு சாயங்காலம் முடங்கிடும், பேசணும்னா ஒண்ண அழுத்துங்கன்னு ஒரு பொண்ணு குரல். அழுத்தினேன். அப்புறம் ஒருத்தன் பேசினான். ரொம்ப மரியாதையாப் பேசினான் பாப்பா. வார்த்தைக்கு வார்த்தை ஐயா, ஐயான்னான். அவன் கேட்ட நம்பரையெல்லாம் சொல்லிட்டேன்."

ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணம் முழுவதும் போய்விட்டது. காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்தோம். "இந்நேரம் நாட்டையே தாண்டியிருக்கும்" என்றார் அங்கிருந்தவர், ஏதோ ரயில் போன நேரத்தைச் சொல்வதுபோல.

வெளியே வந்ததும் அண்ணன் கேட்டான்: "நீ அந்த ஆபீஸ்லதான இருக்க? பிடிச்சிடலாம்ல?"

பிடித்துவிடலாம் என்று தலையாட்டினேன். எந்தத் தைரியத்தில் ஆட்டினேன்?

ஏப்ரல் 4

அண்ணனுக்கு அழைப்பு வந்த எண்ணை எங்கள் பதிவேட்டில் தேடினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தக் கம்பெனி. என் பதினோரு கடிதக் கம்பெனி.

யார் காசு கொடுத்தாலும், என்ன பொய்யானாலும், கேட்ட எண்ணிக்கைக்கு ஊர் முழுக்க ஒலிக்கவிடுகிறவர்கள். மூன்று வருடம் முன்பே கண்டுபிடித்துவிட்டோம். எட்டுக் கோடி தீட்டினோம். அன்றைக்கே வாங்கியிருந்தால் கடையை மூடியிருப்பான். வாங்கினோமா? அவன் எதுக்கு மூடணும்? லெட்டர்தானே வருது! மூணு வருஷமா நான் லெட்டர் போட்டுட்டே இருக்கேன், அவன் போன் போட்டுட்டே இருக்கான். கடைசியில எங்க அண்ணனுக்கே போட்டுட்டான். தடித்த எழுத்தாம். தூ.

ஏப்ரல் 5

அண்ணனிடம் சொல்லவில்லை.

மே 20

விதித்த அபராதத்தை ஆணையமே வழக்குப் போட்டு வசூலிக்கலாம் என்ற மசோதா நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தது. உறுப்பினர் ஒருவர், "அதிகாரிகள் தொழில்முனைவோரை விரட்டுவதற்கே இது வழிவகுக்கும்" என்று உருகினார். நியாயம்தானே. தொழில்முனைவோர் அல்லவா நம்மை விரட்ட வேண்டும், அதுவும் சாப்பாட்டு நேரம் பார்த்து, தினம் எட்டு முறை.

ஜூன் 2

மசோதா சட்டமாகிவிட்டது. இயக்குநர் கேக் வெட்டினார். சட்டத் துறையிடமிருந்து ஒரே நாளில் வாழ்த்துக் கடிதம்! எட்டு வருடத்தில் அவர்கள் எனக்குப் போட்ட முதல் பதில். பின்னாலேயே ஒரு வேன் நிறைய எங்கள் பழைய கோப்புகள். ஒரு கட்டுகூட அவிழ்க்கப்படவில்லை. நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியாதா?

"முதல் வழக்கு உங்க பதினோரு லெட்டர் கம்பெனிதான் மேடம். நீங்களே நடத்துங்க" என்றார் இயக்குநர்.

அண்ணன் விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதில் யாரோ ஒரு துண்டு கேக்கை வைத்தார்கள். மென்று விழுங்கினேன். இரண்டையும்.

ஜூன் 11

வழக்குக்கு முன் நோட்டீசை நேரில் கொடுக்க வேண்டுமாம். மூன்று வருடமாக எழுதிவரும் முகவரிக்கு முதல்முறையாகப் போனேன். அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் பதினெட்டு நிமிடம்.

முடிதிருத்தும் கடை.

கடைக்காரர் ஒருவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த உறையின் சின்னத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "நீங்கதானா மேடம் அது? உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருக்கும்." இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டை எடுத்தார். பதினொன்றும் இருந்தன, தேதிவாரியாக.

"அந்தக் கம்பெனிக்காரங்க எங்க போனாங்க?"

"எங்கேயும் போகலையே. மாடியில இருக்காங்க."

கடைக்குப் பக்கத்திலேயே படி. இருபத்திரண்டு படிகள், எண்ணிக்கொண்டே ஏறினேன். மேலே கண்ணாடிக் கதவு, வேறு பெயர்ப்பலகை, உள்ளே அதே முதலாளி. கம்பெனி இப்போது மனைவி பெயரில். பின்னறையில் ஒரு பெண் குரல் திரும்பத் திரும்ப ஒன்றை அழுத்தச் சொல்லிக்கொண்டிருந்தது.

"காபி சாப்பிடறீங்களா மேடம்?" என்றார் முதலாளி, நோட்டீசை வாங்கிக்கொண்டே.

மூன்று வருடம். இருபத்திரண்டு படி.

ஜூன் 14

அண்ணன் வீடு. சொல்லிவிட்டேன். அபராதம், மூன்று வருடம், கடிதங்கள், மாடி — எல்லாவற்றையும்.

அண்ணன் விரல் மடக்கி எண்ணினான். பிறகு, "பதினோரு லெட்டரா?" என்றான்.

"எங்களுக்கு அதிகாரம் இல்ல அண்ணா. சட்டம் அப்படி —"

"மாடி ஏறதுக்குமா சட்டம் வேணும்?"

எழுந்து பின்பக்கம் போய்விட்டான். அண்ணி என் முன்னால் வைத்த தேநீரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. அவளால் முடிந்த கருணை அது. "முப்பத்தொரு வருஷம் அவர் ஒரு சிக்னலத் தாண்டினது இல்ல. நீங்கல்லாம் சிக்னல் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடறீங்க" என்றாள்.

தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஜூன் 16

இயக்குநரிடமும் சொன்னேன். பாதிக்கப்பட்டவர் சொந்த அண்ணன் என்றால் நான் வழக்கை நடத்த முடியாது.

"சொல்லாமலே இருந்திருக்கலாமே மேடம்?"

"அவங்க வக்கீல் கண்டுபிடிச்சா வழக்கே விழுந்துடும் சார்."

என் கையாலேயே அந்த முதலாளியைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன்! கோப்பு அரைக்கண்ணரிடம் போனது. எங்கள் பிரிவின் மூத்தவர். கூட்டங்களில் பாதிக் கண் மூடியே இருப்பதால் வந்த பெயர். மீதிப் பாதி திறந்திருப்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. கோப்பை வாங்கி மேசையில் வைத்து, அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார். போச்சு. வழக்கு இனி நிம்மதியாகத் தூங்கும்.

ஜூலை 30

நீதிமன்றம். நான் இப்போது வெறும் சாட்சி: கடிதம் போட்டவள். அண்ணனும் வந்திருந்தான், இன்னொரு சாட்சியாக. என் வரிசையில் இடம் இருந்தும் பின்னால் போய் உட்கார்ந்தான்.

முதலாளியின் வக்கீல் இனிமையாகப் பேசினார். தன் கட்சிக்காரருக்கு நோட்டீசுக்கு முன் ஒரு கடிதமும் கிடைக்கவில்லை; அபராதம் விதித்ததே தெரியாது; தெரிந்திருந்தால் ஓடோடி வந்து கட்டியிருப்பார். கேட்க எனக்கே கண் கலங்கியது.

அரைக்கண்ணர் எழுந்தார். முடிதிருத்துபவரைக் கூண்டுக்கு அழைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இந்தக் கடிதங்கள ஏன் மாடியில கொடுக்கல?"

"முதல் ரெண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேங்க. பிரிச்சுப் படிச்சிட்டு, முதலாளியே திருப்பிக் கொடுத்தாரு. 'கவர்மென்ட் லெட்டர்னா மேல கொண்டுவராத, வந்ததாவே எங்களுக்குத் தெரியக் கூடாது'ன்னாரு." கொஞ்சம் யோசித்துச் சேர்த்தார்: "அன்னிக்கு முடி வெட்டினதுக்கும் காசு கொடுக்கல."

நீதிபதி பேனாவைத் திறந்தார். அரைக்கண்ணர் உட்கார்ந்து, அந்தப் பாதிக் கண்ணையும் மூடிக்கொண்டார். எட்டு வருடம் இவருக்குப் பக்கத்து மேசையில் இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 21

தீர்ப்பு. இரண்டு பெயரும் ஒரே கம்பெனிதான். எட்டுக் கோடியும் வட்டியும். கணக்குகள் முடக்கம், இணைப்புகள் துண்டிப்பு. பின்னறைக் குரல் நின்றுவிட்டது.

பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். அண்ணனுக்கு? இயக்குநரிடம் கேட்டேன். "அதுக்கு வேற சட்டம் வேணும் மேடம்" என்றார். ஆக, திருடுபோனது அண்ணனுடையது, கிடைத்தது கஜானாவுக்கு. இதில் குறை சொல்பவர்களுக்கு நிர்வாகம் புரியாது.

அண்ணியிடம் போனில் சொன்னேன்.

"நல்லா இருக்கு உங்க நியாயம்" என்றாள். பிறகு, "அந்த மாடியப் பூட்டிட்டாங்களா?"

"பூட்டி சீல் வெச்சாச்சு அண்ணி."

"சரி. அவர்கிட்ட சொல்றேன்."

செப்டம்பர் 9

அண்ணன் மறுபடி வேலைக்குப் போகிறானாம். அறுபத்திரண்டு வயதில். ஆஸ்பத்திரி ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேன். அண்ணிதான் சொன்னாள். அவன் என்னிடம் பேசி மூன்று மாதம் ஆகிறது.

செப்டம்பர் 17

காலையில் மழை. பஸ் நிறுத்தத்தில் குடையோடு போராடிக்கொண்டிருந்தேன். வெள்ளை வேன் ஒன்று மெதுவாக ஓரம் கட்டியது. உள்ளிருந்து முன்கதவு திறந்தது. அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கண் எதிரே சாலையில்.

ஏறி உட்கார்ந்தேன். என்ன பேசுவது? நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா? ஈரக் குடையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

வண்டி நகரவில்லை. காத்திருந்தான்.

"பெல்ட்டப் போடு" என்றான்.

போட்டேன்.