எங்கள் பாத்தியில் மட்டும்

பிப்ரவரி 11, ஞாயிறு

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்தால் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். படித்தே ஆக வேண்டுமென்றால், படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள். அப்பாவிடம் மட்டும் வேண்டாம். பக்கத்து வீட்டில் வேண்டவே வேண்டாம்.

பின்கட்டில் வெண்டி மறுபடியும் போய்விட்டது. கத்திரியும்தான். காயவில்லை, பூச்சி தின்னவில்லை. இலை சுருண்டு, தண்டு முறுக்கிக்கொண்டு, யாரோ கையால் திருகி விட்டது போல நிற்கிறது. பார்க்கவே பயமாக இருக்கிறது.

வேலிக்கு அந்தப் பக்கம் கணேசமூர்த்தி மாமா வீட்டு வெண்டி இடுப்புயரம். அதே மண், அதே வெயில்.

அப்பா வேலியோரம் ரொம்ப நேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "லோகா, இந்த வாட்டி என்ன போடலாம்னு நீயே சொல்லும்மா. உன் கை நல்ல கை."

பிப்ரவரி 13, செவ்வாய்

பகாவ் டவுன் பசாரில் விதையும் நாற்றும் வாங்கினோம். இந்தச் சூட்டுக்குக் கோஸ் வராது, முள்ளங்கியும் வராது. நான் பயத்தங்காய், தக்காளி, சிவப்புக் கீரை என்று சொன்னேன். ஓரத்துக்குச் சோளமும், சூப்பில் போடும் செராய்ப் புல்லும். வருமா? நான் சொன்னதாவது வந்துவிட வேண்டும்.

பிப்ரவரி 16, வெள்ளி

பைப்பில் தண்ணீர் காலையில் மட்டும்தான் வருகிறது. சமையலுக்குக் குடத்தில். செடிக்குப் பின்கட்டில் இருக்கும் நீலத் தோம்பில், அந்தப் பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில், பிடித்து வைக்கிறோம்.

பிப்ரவரி 18, ஞாயிறு

மாதவி அத்தை ஒரு கிண்ணம் வெண்டிக்காய் கொடுத்தார். கணேசமூர்த்தி மாமாவின் மனைவி. "உங்க வீட்டுல வரலியாமே, இதை வச்சுக் கொழம்பு வைங்க" என்றார். சிரித்துக்கொண்டே, பாசமாகத்தான் சொன்னார்.

அப்பா கிண்ணத்தோடு சாக்கடையில் போட்டார். "அவன் மண்டோர் ஆனதுலேர்ந்து நம்ம மேலதான் கண்ணு. இப்ப கேலி வேற."

செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் வேலை அப்பாவுக்குத்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிடைத்தது மாமாவுக்கு. அன்றிலிருந்து அப்பா அவர் பெயரைச் சொல்வதில்லை. 'அவன்'தான்.

பிப்ரவரி 25, ஞாயிறு

பயத்தங்காயும் சுருண்டுவிட்டது. தக்காளியும்.

அப்பா செய்வினை என்கிறார். ஓரத்தை மட்டும் விட்டுப் பாத்தி முழுவதையும் தோண்டினார். கடைசியில் ஒரு தகடு கிடைத்தது. எனக்கு அது பால் டின் மூடி மாதிரிதான் இருந்தது. எழுத்து இருக்கிறது பார் என்றார். எனக்குத் துருதான் தெரிந்தது. சொல்லவில்லை.

அதை எடுத்துக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போனார். பூசைக்கு வந்த எல்லோர் முன்னாலும் உள்ளங்கையில் சூடம் ஏற்றி, "இதைச் செஞ்சவன் கை வெளங்காமப் போவணும்" என்று கத்தினார். எல்லோரும் கணேசமூர்த்தி மாமாவைப் பார்த்தார்கள். அவர் மாதவி அத்தையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா என் பக்கத்தில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 1, வெள்ளி

இன்று பள்ளி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பார்த்தேன். செம்பனை மரங்களுக்கு அடியில் அம்மாவும் மற்ற பெண்களும் புல்லு மருந்து என்று சொல்லும் களைக்கொல்லியை அடித்துப் போன வரிசை. அகல இலைக் களையெல்லாம் அப்படியே எங்கள் வெண்டி மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது. புல் மட்டும் நிமிர்ந்து நின்றது.

எங்கள் பாத்தி ஓரத்திலும் சோளம் நன்றாக இருக்கிறது. செராய் நன்றாக இருக்கிறது. இரண்டும் புல் ஜாதிதான்.

அந்த நீலத் தோம்பு எங்கிருந்து வந்தது? தைப்பூசத்துக்கு முன்னால் அது வீட்டில் இல்லை.

மார்ச் 2, சனி

மிச்சத் தக்காளி நாற்றை இரண்டு சட்டியில் வைத்தேன். ஒன்றுக்குக் குடத்துத் தண்ணீர். ஒன்றுக்குத் தோம்புத் தண்ணீர். குளியலறைக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல்.

மார்ச் 7, வியாழன்

தோம்புத் தண்ணீர் ஊற்றியது சுருண்டுவிட்டது.

தோம்பு எங்கிருந்து வந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினார். கையில் மருந்து வாடை. "மருந்து ஸ்டோர்ல காலியாக் கெடந்துச்சு. கழுவிட்டுத்தான் கொண்டாந்தேன், நாலு வாட்டி சோப்பு போட்டு. எடுத்துப் போவக்கூடாதுன்னு போர்டே வச்சிருக்கான். கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்டி. அப்பாவுக்குத் தெரிஞ்சா..."

"அப்ப மாமா?" என்றேன்.

"கோவம்தானே, ஆறிடும்."

ஆறுமா? செம்பனைக் குலை வெட்டும் அருவாளை அப்பா தினமும் தீட்டுகிறார். விடுமுறை நாளிலும்.

மார்ச் 9, சனி

நான்தான் கெடுத்தேன்.

அம்மாவை இழுக்காமல் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு சட்டியையும் அப்பா முன்னால் வைத்தேன். "செய்வினை இல்லப்பா. தோம்புத் தண்ணிதான்" என்றேன். அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முகம் தெளிந்தது. ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"அப்ப அவன் தோம்புல வெசம் ஊத்தியிருக்கான்" என்றார். "நாளைக்கு இந்தத் தண்ணியதான் குடிப்போம்னு நெனச்சிருக்கான். என் புள்ளையக் கொல்லப் பாத்திருக்கான்."

இல்லப்பா, இல்லப்பா என்றேன். கேட்கவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

மார்ச் 10, ஞாயிறு

அப்பா அருவாளை நீளக் கம்பியிலிருந்து கழற்றிக் குட்டைப் பிடி போட்டார். குலை வெட்ட யாரும் குட்டைப் பிடி போடுவதில்லை.

வாசலுக்குப் போனவரை அம்மா மறித்து நின்றார். இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு. "அது மருந்துத் தோம்பு. நான்தான் ஸ்டோர்லேர்ந்து தூக்கியாந்தேன். அவரு ஒன்னும் செய்யல. என்னை வெட்டிட்டுப் போ."

அப்பா அப்படியே நின்றார். பிறகு கேட்டார். "கோயில்ல சூடம் ஏத்துனப்ப அங்கதான நின்ன?"

அம்மா நிலையைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிப்பானுங்க. நாளைக்கு அவன் முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றார். அழுவது போல இருந்தது. பிறகு அழவில்லை. "இது வேற யாருக்குத் தெரியும்?"

"லோகாவுக்கு மட்டும்தான்."

ஏன்மா அப்படிச் சொன்னீங்க? ஊருக்கே தெரியும்னு சொல்லியிருக்கலாமே.

நான் அறைக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அப்போது பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அம்மாவின் குரல் இல்லை. பக்கத்து வீட்டில் டிவி ஓடுகிறது. மாதவி அத்தை எதற்கோ சிரிக்கிறார். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது போதும். கூப்பிட்டால் கேட்குமா? கூப்பிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அப்பா அதற்கும்

தட்டுகிறார்.

"லோகா. தொறம்மா. அப்பா ஒன்னும் செய்யமாட்டேன்."

அப்பா இவ்வளவு மெதுவாக என்னிடம் ஒருநாளும்