கபிரியேல் தொடங்க வேண்டிய திங்கட்கிழமை

சேசு மரி சூசை

பதுளை
1922 ஏப்ரல் 20

அன்பு மகன் கபிரியேலுக்கு,

அம்மா ஆசீர் சொல்லி எழுதுவது. உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. லைசென்ஸ் கைக்கு வந்ததும், பழக்கிவிட்ட துரை உன்னை மெச்சியதும் எனக்குச் சந்தோஷம். ஆனால் உன் கையெழுத்து கெட்டுப்போயிருக்கிறது. லொறிச் சக்கரம் பிடிக்கிற கைக்குப் பேனா பிடிக்க முடியாதா?

சேசு உயிர்த்த பாஸ்குத் திருநாளும் முடிந்துவிட்டதே, இனி எந்த நாளில் வேலையைத் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். கொழும்புத் துறைமுகத்திலும் ஒரு லொறிக்கு ஆள் தேடுவதாக எழுதியிருக்கிறாய். நீ முடிவு செய்யுமுன் இங்கே நடந்ததை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏப்ரல் பத்தாம் தேதி திங்கட்கிழமை நீ தொடங்குவதாக, லொறி வைத்திருக்கிற மர்ஸூக் முதலாளியோடு பேச்சு. ஹாலிஎல தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளைப் பண்டாரவளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவது. கோயில் முற்றத்தில் கண்டவர்களிடமெல்லாம் நான் அதைச் சொன்னேன். பெருமையடித்தேன் என்றே வைத்துக்கொள். பிறகு உனக்கு அவசரமாக எழுதினேன், பாடுகளின் வாரத்தில் புதுத் தொழில் தொடங்குவது நமக்குத் தகாது, பாஸ்கு கழியட்டும் என்று. நீயும் கீழ்ப்படிந்தாய்.

அது முழு உண்மை இல்லை. இதுவரை அந்தப் பெட்டிகளை ஏற்றிய மாட்டு வண்டிக்காரர்கள் உனக்காகக் காத்திருக்கப் போவதாக என் காதில் விழுந்தது. வெளியூரான் ஒருவன் லொறி ஓட்ட வந்தால் கல்லெறிந்ததோடு விட்டுவிடுவார்களாம். பன்னிரண்டு மாட்டு வண்டி வைத்திருந்த அந்தோனிப்பிள்ளையின் மகனே வந்து அவர்கள் பிழைப்பில் மண் போட்டால் பொறுக்க மாட்டார்களாம். அதனால்தான் உன்னை நிறுத்தினேன்.

குருத்து ஞாயிறன்று பூசை முடிந்து வந்தபோது முருகையா வாசலில் நின்றான். உன் அப்பாவுக்குத் தலைமை வண்டிக்காரனாக இருந்தவன், அவருடைய சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தம்பி நாளைக்கு வந்திருமாம்மா என்று கேட்டான். எதற்குக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். ஆமாம், நாளைதான், ஹாலிஎலயிலிருந்து முதல் லோடு என்றேன். நல்லாயிருக்கட்டும்மா என்று சொல்லிப் போனான்.

நாள் தள்ளிப்போனதைச் சொன்னால் அடுத்த நாளுக்குக் காத்திருப்பார்கள். நீ கொழும்பில் பத்திரமாக இருந்தாய். அவர்கள் வெறும் றோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள் என்று நினைத்தேன்.

முதலாளி பெட்டிகளைக் காக்க வைக்கவில்லை. உனக்குப் பதிலாக ஸலீமை அனுப்பினார். பதுளைக் கடைத்தெருவில் இருக்கிற உம்மு குல்தூமின் மூத்த மகன், உன்னைவிட இரண்டு வயது இளையவன். காலையில் நல்ல மழை. தலையையும் முகத்தையும் துணியால் சுற்றியிருந்தான். ஹாலிஎலைக்கு மேலே முதல் வளைவில் வண்டியொன்றைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். ஒன்பது பேர். லொறி நின்றதும் அவனை இழுத்துப் போட்டு நுகத்தடியால் அடித்தார்கள். வாய் உடைந்ததால் தன் பெயரைச் சொல்லக்கூட அவனால் முடியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் உன் பெயரைச் சொல்லி, அப்பனுக்குச் சோறு போட்ட கையைக் கடிச்சியேடா என்று கத்தினார்களாம். பிறகு வலது கையை நீட்டி வைத்து, குறுக்கே நின்ற, பெட்டி ஏற்றிய வண்டியை மாட்டைத் தட்டி அதன்மேல் ஏற்றினார்கள். ஒருமுறை முன்னுக்கு, ஒருமுறை பின்னுக்கு. அதற்குப் பிறகுதான் யாரோ முகத்துத் துணியை விலக்கி, அய்யோ, இது நம்ம தம்பி இல்லடா என்றானாம்.

பதுளை ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே அறுத்து எடுத்துவிட்டார்கள். மூன்று பற்களும் இடது காதின் கேட்கும் சக்தியும் போய்விட்டன.

புதன்கிழமை ஸலீமின் கடைத்தெரு ஆட்கள் முப்பது பேர் கத்தியும் தடியுமாக வண்டிப்பேட்டைக்குப் போனார்கள். நான் ஜன்னல் கதவைச் சாத்தவில்லை, பார்த்தேன். ஐந்து வண்டிகளுக்குத் தீ வைத்தார்கள். முருகையாவின் மாடுகளுக்குப் பின்கால் நரம்பை வெட்டினார்கள். அவை எழுந்து நிற்கப் பார்ப்பதும் விழுவதுமாக மாலைவரை கதறின. பொலிஸார் வந்து அவற்றைச் சுட்டுத்தான் கதறலை அடக்கினார்கள். முருகையாவையும் எட்டுப் பேரையும் விலங்கிட்டுக் கொண்டுபோனார்கள். அவன் நெற்றி பிளந்து ஒரு கண் மூடியிருந்தது. நம் வீட்டைக் கடக்கும்போது தலை குனியவில்லை. தேதி சொன்ன புண்ணியவதி இவதான் என்று உரக்கச் சொன்னான். தெருவே கேட்டது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் துரையிடம் நானாகவே போனேன். மகன் திங்கட்கிழமை வருவதாக நம்பித்தான் அம்மா சொன்னார் என்று துபாஷி என் வார்த்தையை இங்கிலீஷில் மாற்றிச் சொன்னான். எனக்கு நல்லது செய்வதாக அவன் எண்ணம். நான் கன்னியர் மடத்தில் இங்கிலீஷ் படித்தவள். அவனைத் திருத்தி, மகன் வரமாட்டான் என்று தெரிந்தே சொன்னேன் என்றேன். எழுதிக்கொண்டார்கள். வேறொருவன் அந்த லொறியில் இருப்பான் என்று தெரியுமா என்று துரை கேட்கவில்லை. பாவத்தை அறிக்கையிட்டபோது, பாவசங்கீர்த்தனத்தில் கோயில் சுவாமி அதைக் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை உனக்கு எழுத மாட்டேன்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உம்மு குல்தூம் கட்டிலருகே ஓதிக்கொண்டிருந்தாள். நடந்ததை நின்றபடியே சொன்னேன். அவள் அழவில்லை, ஏசவில்லை. ஒங்கட மகன் எப்ப வாறாருன்னு ஊரெல்லாம் கேட்டாங்க, எண்ட மகன் எப்ப போறான்னு ஒருத்தரும் கேக்கல்லியே என்று மட்டும் சொன்னாள். ஸலீம் கட்டுப்போட்ட வாயால் சிரித்தான். ஒங்கட மகன் கெட்டிக்கார டிரைவர்தான் அம்மா, லொறியில ஏறாமலே எனக்கு அடி வாங்கித் தந்துட்டாரே என்றான். தாயும் சிரித்துவிட்டாள். அந்த இடத்தில் நிற்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் நின்றேன்.

லொறி இப்போது முதலாளியின் கடைக்குப் பின்னால் நிற்கிறது. உள்ளூரில் எவனும் அதில் ஏற மாட்டேன் என்கிறான். நீ வந்தால் அன்றே சாவியைத் தருவாராம்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். நாள் குறிக்க மாட்டேன். ஒருமுறை உனக்காக நாள் பார்த்தேன், அதில் இன்னொருத்தியின் பிள்ளைக்குக் கை போயிற்று. ரயில் பாதை பதுளைக்கு வந்துவிட்டால் இந்த றோட்டில் இவ்வளவு பகை இருக்காது என்கிறார்கள். அதற்கு ஒரு வருஷமோ இரண்டோ ஆகும். துறைமுகத்தில் வேலை இருக்கிறது. கொழும்பில் உன்னை யாருக்கும் தெரியாது. அதையும் நினைத்துக்கொள்.

முருகையாவின் தம்பி நேற்று வாசலுக்கு வந்தான். அண்ணனைப் போலவே மரியாதையாக, தம்பி எப்பம்மா வருது என்று கேட்டான். இன்னும் தெரியாது, தெரிந்ததும் சொல்கிறேன் என்றேன். சொல்வேன், மகனே. இனி யார் கேட்டாலும் உண்மையான நாளைத்தான் சொல்வேன். உன் உயிருக்காகக்கூட இன்னொருமுறை பொய் சொல்ல என்னால் ஆகாது. ஆகவே நன்றாக யோசித்து எழுது. எழுதினால் எனக்கு மட்டும் எழுதாதே. முதலாளிக்கும், உம்மு குல்தூமுக்கும் அதே நாளை எழுது.

வருவதானால் முதல் லோடு போகும்போது நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன். முதலாளியிடம் சொல்லிவிட்டேன், அவர் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. முகத்தில் துணி கட்ட மாட்டாய். நானும் முக்காடு போட மாட்டேன். யார் வருகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

வராவிட்டாலும் நீ என் மகன்தான். ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன்.

தேவமாதா உன் இரண்டு கைகளையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தாய்
அ. மதலேனம்மாள்