'செம்பெலே' என்ற வார்த்தையும் என் கத்தியும்

மகள் ஹஸ்னிதாவுக்கு அப்பாவின் சலாம். நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசு எப்படி என்று நீ கேட்க வேண்டாம். ஹாலந்தில் குளிர் அதிகமாமே என்று அம்மா கவலைப்படுகிறாள், எனக்கு அந்தக் கவலை இல்லை.

போன லீவில் நம் வீட்டுக் கந்தூரி விருந்தில், தட்டில் கறி ஆறுவதற்குள் வாயைத் திறந்தாயே, அதன் பலனைக் கேள். ஆடு மாடு அறுப்பதற்கு மலாயில் நாம் சொல்லும் 'செம்பெலே', கத்தி வைக்கும்போது ஓதும் பிஸ்மில்லாவிலிருந்துதான் பிறந்தது என்றார் பள்ளிவாசல் தலைவர் ஹாஜி சிடேக். நீ சிரித்துக்கொண்டே, "அப்படிச் சொல்றவங்களும் இருக்காங்க ஹாஜி, ஆனா மார்க்கம் இங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்த வார்த்தையாவும் இருக்கலாம், யாருக்கும் உறுதியாத் தெரியாது" என்றாய். படித்த திமிர். சபையில் பெரியவரை மறுக்கிறோமே, அப்பன் தலை உருளுமே என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா?

முப்பத்தோரு வருஷம் இந்த ஊருக்கு அறுத்தவன் நான். இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு, "மக அப்படிப் பேசறப்ப சும்மா உக்காந்திருந்தவன் கையால அறுத்தா சனங்க தின்ன யோசிப்பாங்க" என்று ஹாஜி அந்த வேலையைத் தன் மருமகன் ஜுசோவுக்குக் கொடுத்துவிட்டார். சந்தையில் மீன்காரி வரைக்கும் என்னைப் பார்த்து, "உன்னையே உம் மக செம்பெலே பண்ணிட்டாளாமே" என்று கேட்கிறாள்.

ஜுசோ மாட்டின் கண்ணெதிரிலேயே கத்தியைத் தீட்டினான். பிஸ்மில்லாவை ஊருக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னான். பாதி அறுப்பில் பயந்து கையை எடுத்துவிட்டான். மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு கிணற்றடி வரை ஓடி விழுந்து செத்தது. இதற்கு நம் ஊரில் வேறு வார்த்தை, 'பந்தாய்', கண்டபடி வெட்டிச் சாய்ப்பது. இப்படிச் செத்ததன் கறி தின்ன ஆகாது என்று இமாம் சொல்லிவிட்டார். முழு மாட்டையும் புதைத்தோம்.

மறுநாள் ஹாஜி வந்து, "உம் மக தப்பாப் பேசிட்டேன்னு ஒரு கடுதாசி போடட்டும் டெராமான், வர்ற வருஷம் நீயே அறு" என்றார். அதைக் கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் அந்த மாடுதான் கண்ணில் நிற்கிறது. வார்த்தை எங்கே பிறந்தது என்று ஜுசோவுக்கு ஒரு சந்தேகமும் இல்லை, இருந்தும் பாதியில் கையை எடுத்துவிட்டானே.

நீ அந்தக் கடிதத்தை எழுதாதே. தெரியாததைத் தெரியும் என்று நீ பொய் எழுதி எனக்குக் கத்தி கிடைக்க வேண்டாம். அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. முதலில் என்னிடம், அடுப்படியில் வைத்துச் சொல்லியிருக்கலாம்.

காலுறை போடாமல் வெளியே போகாதே. அல்லா உன்னைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அப்பா,
டெராமான்