நாணலுக்குள் வைத்த கல்

6-7-98 திங்கள்
தூறல். வேலை: கம்பெனிக்குப் பின்னால் ஏரிக்கரைச் சரிவில் உள்ள நாணல் முழுவதும் வேரோடு எடுக்க வேண்டும். அங்கே பாய் மாதிரி விரிக்கிற அழகுப் புல் விலைக்கு வாங்கிப் போடுவார்களாம். போன வருடம் நாணலின் வெள்ளைப் பூவை வெட்டி ஆபீஸ் ஜாடியில் வைத்தவர்களும் இந்தக் கம்பெனிக்காரர்கள்தான்.

கரையைப் பிடித்திருப்பதே அந்த வேர். முன்பு எருமைக்காரர்கள் மேற்குப் பக்கத்து நாணலை வழித்தெடுத்தார்கள். அந்த மழையிலேயே கரை சரிந்து மூன்று வீடு போச்சு. யார் யார் வீடு என்று இன்றும் சொல்வேன். இப்போது கரைக்குக் கீழே ஒரு வரிசை வீடு. பெருக்குகிற லட்சுமி வீடும் அதில்தான்.

சூப்பர்வைசர் பையன் மஞ்சுவிடம் சொன்னேன். "அதெல்லாம் இன்ஜினியர் பாத்துக்குவாரு பெரியவரே, நீங்க வெட்டுங்க."

இன்ஜினியர் படித்தவர். நான் லாரி போர்டு பார்த்து எழுத்துக் கூட்டினவன்.

7-7 செவ்வாய்
பாதிக்கு மேல் ஆச்சு. கையெல்லாம் கீறல். இலை இல்லை, அரம்.

ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவி. ஆண் குருவி நாணல் இலையை நாராகக் கிழித்துப் பாதிக் கூடு கட்டும். பெண் வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதி. பதினொரு கூடு பாதியில். வெட்டின இடத்தில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகின்றன.

வெட்டினவன் நான்.

8-7 புதன்
ஒரு காரியம் செய்தேன். ஆள் வருமுன், மிச்சமிருந்த பெரிய புதருக்குள் கருங்கல் ஒன்று நட்டேன். மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம் இரண்டு. எனக்குச் சாமி நம்பிக்கை கொஞ்சம்தான். மஞ்சுவுக்கு நிறைய.

லட்சுமி முதலில் பார்த்துக் கூப்பிட்டாள். மஞ்சு செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். இந்தப் புதரை யாரும் தொடக் கூடாது என்றான். ராத்திரி இரண்டு தோசை கூடுதல்.

10-7 வெள்ளி
கான்டீன்காரர் தேங்காய் உடைத்தார். லட்சுமி பால். கூட்டம். மிதித்தே புதரின் ஓரம் போச்சு.

"நாகாத்தம்மா உங்க கண்ணெதிரவே இத்தன வருசமா இருந்திருக்கா, உங்களுக்குத் தெரியல பாருங்கண்ணா" என்றாள் லட்சுமி. ஆமாம் என்றேன்.

14-7 செவ்வாய்
மழை, விட்டுவிட்டு. மேஸ்திரி வந்து அளந்தான். சுற்றிவர நாலடி சிமென்ட், மேலே ஷீட், தரைக்கு டைல்ஸ். சாமி புல்லுக்குள் கிடக்கலாமா என்று எல்லாருக்கும் கவலை.

கல் நட்டது நான் என்று சொல்ல வாயெடுத்தேன். வேலை போகும். லட்சுமி அப்புறம் என்னோடு பேசமாட்டாள். மேஸ்திரிக்கு அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தேன்.

மஞ்சு: "புதர உங்க கையாலயே எடுத்துடுங்க பெரியவரே. வேற ஆள் தொட்டா தெய்வக் குத்தம்."

15-7 புதன்
மத்தியானம் வரை கடப்பாரை. வேர் ஆள் ஆழம். கடைசித் தூர் வந்ததும் அந்தக் குழியில் தண்ணீர் கசிந்தது. கரை விடுகிறது என்றேன். மேஸ்திரி சிமென்ட் போட்டால் நிற்கும் என்றான்.

லட்சுமி ஓடிவந்து இரண்டு கையாலும் அள்ளினாள். தீர்த்தமாம். தன் தலையில் தெளித்துக்கொண்டாள். அப்புறம் என் தலையில். குனிந்தேன்.